அக்கிக்குப் போடும் மாத்திரை கிட்னியைப் பாதிக்குமா? வெயிலில் கடலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் நெருப்பு வைத்ததுபோல் எரிச்சல். இரண்டு நாளில் அதே இடத்தில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். சட்டை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் இதைக் காட்டினால், பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள்: "அக்கி வந்திருக்கு."

சிலர் காவி குழைத்து அக்கி எழுதப் போவார்கள். சிலர் மருத்துவரிடம் போவார்கள். இன்னும் சிலர் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அக்கிக்கு மாத்திரை குடுங்கண்ணா, வலிக்கும் சேர்த்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் படகு ஏற வேண்டும். ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் வருமானம் போச்சு.

பிரச்னை தொடங்குவது இந்த இடத்தில்தான். அக்கிக்குக் கொடுக்கப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்து நல்ல மருந்து, உலகம் முழுக்க 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருப்பது. ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, கூடவே வலி மாத்திரையும் சேர்ந்துகொண்டால், சில நாட்களிலேயே சிறுநீரகத்தை முடக்கிப்போடக் கூடியது. இதைத்தான் மருத்துவர்கள் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறார்கள்.

அது எப்படி நடக்கிறது? யாருக்கு நடக்கும்? வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

அக்கி மாத்திரை என்பது எது?

சின்ன வயதில் அம்மை போட்டவர்களின் உடம்பிலிருந்து அந்த வைரஸ் முழுதாகப் போவதில்லை. நரம்பு வேர்களில் ஒளிந்திருக்கும். வயதாகும்போதோ உடம்பு பலவீனமாகும்போதோ அது மறுபடி விழித்து, ஒரு நரம்பின் பாதையிலேயே கொப்புளமாகக் கிளம்பும். அதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவதற்குக் காரணமும் அதுவே.

இதற்கு அதிகம் தரப்படும் மருந்து அசைக்ளோவிர். 1970-களில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. அந்த ஆய்வுக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போன பிறகுதான் இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கும். நல்ல செல்களைப் பெரும்பாலும் தொடாது. அதனாலேயே பாதுகாப்பான மருந்து என்று பெயர் எடுத்தது.

பெரியவர்களுக்கு அக்கி வந்தால் வழக்கமான அளவு 800 மி.கி. மாத்திரை, ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி எழுதிவிட்டு நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் கடந்துபோகும். அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி வயதானவர்களை அதிகம் வாட்டும்.

அம்மை போட்ட பெரியவர்களுக்கும் இதே மருந்துதான். குழந்தைகளுக்கு அம்மை பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். பெரியவர்களுக்கு அது நுரையீரல் வரை போகலாம் என்பதால், தடிப்பு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. மூளைக் காய்ச்சல்போல வைரஸ் தீவிரமாகத் தாக்கும்போது இதையே நரம்பு ஊசியாக ஏற்றுவார்கள். வலாசைக்ளோவிர் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. உடம்புக்குள் போனதும் அது அசைக்ளோவிராகவே மாறும். ஆனால் ரத்தத்தில் சேரும் அளவு 3 முதல் 5 மடங்கு அதிகம் என்பதால் ஒரு நாளைக்கு 3 வேளை போதும்.

சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் சேர்ந்த அசைக்ளோவிரின் பெரும்பகுதி உருமாறாமல் அப்படியே சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகிறது. கல்லீரல் இதை அதிகம் உடைப்பதில்லை. ஆக, மொத்தச் சுமையும் சிறுநீரகத்தின் தலையில்தான்.

இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. உடல் வெப்பநிலையில் ஒரு மில்லி தண்ணீரில் 2.5 மி.கி. மட்டுமே கரையும். அதற்கு மேல் போனால் உப்பு பூத்ததுபோல் படிகமாகப் பிரிந்துவிடும்.

உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாத்தியில் கடல் தண்ணீரைத் தேக்கி வெயிலில் விடுகிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற, கரைந்திருந்த உப்பு அடியில் படிகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. உடம்பில் தண்ணீர் பற்றாக்குறை வந்தால், சிறுநீரகம் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிறுநீரைக் கெட்டியாக்குகிறது. அதில் கரைந்திருந்த மருந்து ஊசி ஊசியான படிகமாகி, மயிரிழையைவிட மெல்லிய குழாய்களை அடைக்கிறது. சிறப்பு ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த ஊசிகள் மின்னுவது தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 மி.கி. மாத்திரை 5 என்றால் ஒரு நாளைக்கு 4,000 மி.கி. மாத்திரையாக விழுங்கும்போது இதில் 10 முதல் 20 சதவீதம் மட்டுமே குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். அதாவது சுமார் 400 முதல் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் போகிறவருக்கு இது பொருட்டே அல்ல. அந்த ஒன்றரை லிட்டரில் 3,750 மி.கி. வரை கரையும்.

அதே ஆள் வெயிலில் வியர்த்துக் கொட்டி, ஒரு நாளைக்கு 300 மில்லிதான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரையக் கூடியது 750 மி.கி. மட்டும். எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறார். இது தோராயக் கணக்குதான், மருந்து நாள் முழுக்க ஒரே சீராக வெளியேறாது. ஆனாலும் மாத்திரையின் அளவு மாறாமலே, தண்ணீர் மட்டும் குறைந்தால் ஆபத்து எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது இதில் தெரியும்.

நரம்பு ஊசியில் இந்தத் தடுப்பு இல்லை. ஏற்றுகிற மருந்து முழுவதும் ரத்தத்துக்குப் போகிறது. அதனால்தான் ஊசியை மளமளவென்று ஏற்றக் கூடாது, குறைந்தது ஒரு மணி நேரம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும், கூடவே குளுக்கோஸ் அல்லது சலைன் போட வேண்டும் என்பது விதி. ஊசி போட்டவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு தற்காலிகமாகக் கூடுவதாக மருந்தின் குறிப்பேடே சொல்கிறது.

பழவேற்காட்டில் இது ஏன் கவனிக்கப்பட வேண்டும்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். பூநாரை பார்க்க வருகிறவர்கள் ஏரியின் அழகைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஏரியில் வேலை செய்கிறவர்களின் நாள் எப்படிப் போகிறது என்பது வேறு கதை.

விடியும் முன்பே கிளம்பும் படகில் நிழல் கிடையாது. தலைக்கு மேல் வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில். கையில் கொண்டுபோன பாட்டில் தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்கத்தான் முடியாது. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் இதே நிலைமைதான். மீன் கூடையோடு வெளியூர் போகும் பெண்கள், வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்றே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும் உண்டு.

தண்ணீருக்குள் நிற்பதால் உடம்பில் தண்ணீர் குறையாது என்று நினைக்கக் கூடாது. வியர்வை தண்ணீரோடு கலந்து போவதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்படி உழைக்கிறவருக்கு அக்கியோ அம்மையோ வரும்போது காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும், சாப்பாடும் தண்ணீரும் இறங்காது. அந்த நேரத்தில்தான் மாத்திரை உள்ளே போகிறது.

கூட வாங்கும் வலி மாத்திரை

அக்கி வலி சாதாரணமானது அல்ல. வலிக்கு மாத்திரை கேட்பதில் தப்பே இல்லை. எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி.

கடைகளில் 'செட்' ஆகக் கிடைக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்றவை இருக்கும். வலை இழுத்து இடுப்பு வலி, மூட்டு வலி என்று இவற்றைத் தினமும் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் தனக்கு ரத்தம் வந்து சேரும் குழாயை விரித்து வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு உதவும் சுரப்பை இந்த வலி மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது, வடிகட்டுவது குறைகிறது, சிறுநீர் குறைகிறது. ஏற்கெனவே கெட்டியாக இருந்தது இன்னும் கெட்டியாகிறது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை இந்தியா ஒருமுறை வேறு விதத்தில் பார்த்தது. மாடுகளுக்குப் போட்ட இந்த மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளுக்குள் போனது. சிறுநீரகம் செயலிழந்து கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதற்கு 2006-ல் தடை வந்தது. மனிதர்களின் சிறுநீரகம் கழுகுகளுடையதைப்போல அவ்வளவு மென்மையானது அல்ல. அதற்காக அளவு தெரியாமல் விழுங்கவும் முடியாது.

அக்கி வலிக்குப் பாரசிட்டமால் சரியான அளவில் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. அது போதவில்லை என்றால் நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகள் உண்டு. அவற்றிலும் சிலவற்றைச் சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் மருத்துவர் எழுதிக் கொடுப்பதே சரி.

அப்போ மாத்திரையே வேண்டாமா?

அப்படி இல்லை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாராவது அக்கி மாத்திரையை நிறுத்தினால் அது இன்னொரு ஆபத்து.

மாத்திரையாக எடுக்கும்போது சிறுநீரகப் பாதிப்பு அபூர்வமாகத்தான் வருகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர் எடுத்த பல்லாயிரம் முதியவர்களையும், ஃபாம்சைக்ளோவிர் என்ற வேறொரு வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், திடீர் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் விகிதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மிகக் குறைவாகவும் இருந்தது.

ஆனால் அது குளிர் தேசத்து முதியவர்களிடம் நடந்த ஆய்வு. பகல் முழுக்க வெயிலில் நின்று உழைக்கிறவர்களைப் பற்றியது அல்ல என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஏற்கெனவே கிட்னி பிரச்னை இருப்பவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், வாந்தி பேதியில் இருப்பவர்கள். இவர்களுக்கு மருந்தின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும். சிறுநீரகம் ஓரளவு பழுதானவருக்கு 5 வேளை என்பது 3 வேளையாகும். மிக மோசமாகப் பழுதானவருக்கு 2 வேளைதான். கடையில் கேட்டு வாங்கும்போது, "உங்களுக்கு கிரியேட்டினின் எவ்வளவு?" என்று யாரும் கேட்பதில்லை. அது எவ்வளவு என்று வாங்குகிறவருக்கும் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய பிறகு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அப்படி மாத்திரை வாங்குகிறவர் வீட்டில் இருந்தால், அக்கிக்கு மருந்து தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பாதிப்பின் மோசமான பக்கம், தொடக்கத்தில் வலியே இருக்காது என்பதுதான். சிலருக்கு மட்டும் விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் மந்தமாக வலிக்கும். அக்கியும் அதே பக்கத்தில் இருந்தால் அந்த வலியென்றே நினைத்துவிடுவார்கள். குமட்டல் வரும், சாப்பாடு பிடிக்காது. காய்ச்சலால் என்று நினைப்பார்கள்.

நம்பகமான அடையாளம் சிறுநீரின் அளவுதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் உருவாக வேண்டும். 6 மணி நேரத்தில் 180 மில்லி. ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. காலையில் போனது, மதியம் தாண்டியும் வரவே இல்லை, வந்தாலும் சொட்டுச் சொட்டாகக் கருமஞ்சளாக வருகிறது என்றால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 மி.கி. கூடினாலே திடீர் பாதிப்பு என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 0.9 இருந்தவருக்கு 1.2 என்று வந்தால் ஆய்வகத் தாளில் 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கும். முந்தைய அளவு கையில் இருந்தால்தான் அந்த வித்தியாசம் பிடிபடும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதன் பலன் இதுதான்.

இன்னொரு அறிகுறி பலரையும் குழப்பும். சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் போனால் அது மூளையைத் தொடும். ஆள் திடீரென்று உளறுவார், இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வார், கை கால் வெட்டி இழுக்கும், தள்ளாடுவார். அம்மை போட்ட வீட்டில் இப்படி நடந்தால் அம்மன் இறங்கியிருப்பதாக நினைத்துக் காத்திருக்க வாய்ப்பு உண்டு. வைரஸ் மூளையைத் தாக்கினாலும் இதே அறிகுறிகள் வரும். இரண்டில் எது என்பதை மருத்துவமனையில்தான் பிரித்துப் பார்க்க முடியும். எதுவாக இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

இளநீர் குடிக்கலாமா?

அம்மை போட்டால் வீட்டில் என்ன தருவார்கள்? இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ், நுங்கு. உடம்பு சூடு தணிய என்று பாட்டிகள் சொன்ன இந்தப் பழக்கம், இந்த மருந்தோடு சேரும்போது தற்செயலாகச் சரியான வேலையைச் செய்கிறது. தண்ணீரும் உப்பும் உள்ளே போகிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறது, படிகம் கட்ட வழி இல்லை. அம்மைக்கு டாக்டரிடம் போகக் கூடாது என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, மோரையும் கூழையும் மட்டும் வைத்துக்கொண்டால் நல்லது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிறுநீர் குறைந்துவிட்ட பிறகு இளநீரைக் கொடுக்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். "கிட்னி சரியில்ல, இளநி குடு" என்று சொல்வது ஊரில் சகஜம். ஆளைக் காப்பாற்ற நினைத்துக் கொடுப்பதே உயிருக்கு ஆபத்தாக முடியும்.

மாத்திரை எடுக்கும் நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிப்பது? வெயிலில் வேலை செய்கிறவருக்கு 3 லிட்டர் என்பது அதிகமில்லை. லிட்டர் கணக்கு பார்க்க முடியாதவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கலாம். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். இதய பலவீனம் இருப்பவர்கள், ஏற்கெனவே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். முடிந்தால் அந்த ஒரு வாரம் கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. எல்லா வீட்டிலும் அது முடியாது. போயே ஆக வேண்டும் என்றால் பாட்டிலுக்குப் பதில் ஒரு கேன் தண்ணீர் படகில் ஏற வேண்டும், வலி மாத்திரை கரையிலேயே இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

நல்ல செய்தி இங்கேதான். நேரத்தோடு போனால் பெரும்பாலானோருக்கு இது முழுதாகச் சரியாகிவிடும். மருந்தை நிறுத்துவார்கள் அல்லது குறைப்பார்கள், வலி மாத்திரையை நிறுத்துவார்கள், சலைன் ஏற்றிச் சிறுநீரின் அளவைக் கவனிப்பார்கள். படிகங்கள் கரைந்து, ஒரு வாரம் பத்து நாளில் கிரியேட்டினின் பழைய நிலைக்கு இறங்கும். உளறல், வலிப்பு என்று மருந்து மூளையைத் தொட்டவர்களுக்கும், சிறுநீர் நின்றே போனவர்களுக்கும் டயாலிசிஸ் தேவைப்படலாம். 6 மணி நேர டயாலிசிஸில் ரத்தத்தில் இருக்கும் அசைக்ளோவிரில் சுமார் 60 சதவீதம் வெளியேறிவிடும். இது தற்காலிக டயாலிசிஸ். "ஒருதடவை மிஷின்ல போட்டா வாழ்நாள் முழுக்கப் போடணும்" என்ற பயத்தில் மறுக்க வேண்டியதில்லை.

பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அடுத்தது பொன்னேரி அரசு மருத்துவமனை. சிறுநீரக சிறப்பு சிகிச்சைக்குச் சென்னை ஸ்டான்லி அல்லது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. குப்பத்திலிருந்து அங்கே போய்ச் சேரவே பாதி நாள் ஆகும் என்பதால், சிறுநீர் குறைந்த முதல் நாளே கிளம்புவதற்கும் மூன்றாம் நாள் கிளம்புவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை மருந்துகளும் இப்படியா?

இங்கே விஷயம் வேறு மாதிரி. நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மருந்தே கிடையாது. இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் தினம் ஒரே ஒரு மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. அந்த ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஹெபடைடிஸ் பி எனும் மஞ்சள் காமாலைக்கும் டெனோஃபோவிர் தரப்படுகிறது.

டெனோஃபோவிர் படிகமாகிக் குழாயை அடைப்பதில்லை. நுண்குழாயின் செல்களுக்குள் சேர்ந்து, அந்தச் செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடப்பது. உடம்பு வைத்துக்கொள்ள வேண்டிய பாஸ்பேட், சர்க்கரை, புரதம் எல்லாம் சிறுநீரில் ஒழுகும். எலும்பு வலிக்கும். சிலருக்கு இது திடீரென்று முற்றுவதும் உண்டு. அப்படி முற்றியவர்கள் சிலரைப் பார்த்த ஜெர்மனி மருத்துவர்கள், அவர்கள் அதற்குச் சற்று முன்புதான் டைக்ளோஃபெனாக் எடுக்கத் தொடங்கியிருந்ததைக் கவனித்தார்கள். மறுபடியும் அதே வலி மாத்திரை.

இங்கே ஒரு குழப்பமும் இருக்கிறது. டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரத்தில் பலருக்கும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அது சிறுநீரகம் பழுதானதால் அல்ல. கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வாசலை இந்த மருந்து கொஞ்சம் அடைத்துவைப்பதால் வரும் ஏற்றம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினால் வைரஸ் திரும்ப வளரும். ஹெபடைடிஸ் பி மருந்தைத் திடீரென்று விட்டால் கல்லீரலே திடீரென்று கெடலாம். சிறுநீரகம் நிஜமாகவே பாதிக்கப்பட்டிருந்தால் மாற்று மருந்துகள் இருக்கின்றன, அதை மையத்தில்தான் மாற்ற வேண்டும்.

சொல்லத் தயங்கும் நோய் என்பதால், மீன்பிடிக் கிராமங்களில் மட்டுமல்ல, எங்குமே பலர் வேறு மருத்துவரிடம் போகும்போது ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பதை மறைத்துவிடுகிறார்கள். நோயின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், "எனக்கு டெனோஃபோவிர் ஓடுது, வலி ஊசி வேண்டாம் சார்" என்று மட்டும் சொன்னாலே மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

ரெம்டெசிவிர் விஷயம் என்ன ஆனது?

2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் ரெம்டெசிவிர் ஊசிக்காக மக்கள் வரிசையில் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மருந்தாலும் சிறுநீரகம் பாதிக்கும் என்ற சந்தேகம் 2020 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமையின் ஆய்வுக்குப் போனது. கொரோனாவே சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், பழி மருந்து மீதா நோய் மீதா என்று பிரிப்பது சிரமமாக இருந்தது. பாதிப்புக்கு மருந்துதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2021 பிப்ரவரியில் அந்த முகமை சொன்னது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அளவைக் குறைக்காமல் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. பக்கவிளைவு என்று பேச்சு வந்த எல்லாமே மருந்தால் வந்தவை அல்ல என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம்.

பக்கவிளைவு வந்தால் யாரிடம் சொல்வது?

மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய நாட்டில் 2010 முதல் ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நெறிமுறை ஆணையம் அதை நடத்துகிறது. நோயாளியோ குடும்பத்தினரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேரடியாகச் சொல்லலாம். மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 எண் இருக்கிறது.

சொல்லும்போது மருந்தின் பெயர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் அங்கேதான் வருகிறது. கடையில் வெட்டிக் கொடுத்த துண்டு அட்டையில் பெயரே இருக்காது, மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை என்றுதான் சொல்ல முடியும். அக்கி மாத்திரையாக இருந்தாலும் வலி மாத்திரையாக இருந்தாலும் பெயரும் தேதியும் தெரியும் பக்கத்தோடு கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது காலி அட்டைகளையும் பையில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது, "என்னென்ன மாத்திரை போட்டீங்க?" என்பதைத்தான்.